தண்ணீர் குடிக்காத கணக்கு

அளத்துக்குப் போகும் நாட்களில் அம்மா மத்தியானம் வரை தண்ணீர் குடிக்கமாட்டாள். சின்ன வயதில் அதை ஏதோ விரதம் என்று நினைத்திருந்தேன். மரக்காணம் உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தான். ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. குடித்தால் போகவேண்டும், போக இடமில்லை. விரதத்தின் பொருள் அவ்வளவுதான்.

கிளியனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மகளிர் குழுவில் கணக்கு எழுதத் தொடங்கியதும் நான் ‘படிச்ச பொண்ணு’ ஆனேன். அளத்துப் பெண்களுக்கான ஒரு கூட்டத்தில் பேச அழைத்தார்கள். மூன்று இரவு உட்கார்ந்து எழுதினேன். ‘பெருமதிப்பிற்குரிய அவையோர்களே’ என்று தொடங்கி, பெண்ணினத்தைப் பொங்கி எழச் சொல்லி முடித்தேன். கால் நடுங்கியது, கைதட்டலும் கிடைத்தது. திரும்பும்போது பேருந்தில் அம்மா மெதுவாகக் கேட்டாள்: “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா. கக்கூசு வேணும்னு நீ சொல்லவே இல்லியே?”

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. நான் பேசியது எங்கள் பேச்சே இல்லை. மேடைகளில் ஆண்கள் பேசிக் கேட்டதன் நகல்.

1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி, 1937இல் சென்னை சட்டமன்றத்தின் துணை சபாநாயகரானார். உப்பிலிருந்து அவைக்குப் போக ஒரு பெண்ணுக்கு வழி இருந்திருக்கிறது. ஆனால் அவர் படித்த குடும்பத்துப் பெண். தினமும் உப்பு வாருகிறவளுக்கு அந்த வழி எங்கே தொடங்குகிறது?

கிராமசபையில் தொடங்கலாம் என்று தோன்றியது. ஆனால் ஊராட்சியின் வாக்காளர்கள்தான் அதன் உறுப்பினர்கள். என் பெயர் இருப்பது கிளியனூர்ப் பட்டியலில். அம்மாவின் ஊரில் நான் பேச முடியாது, அவள்தான் பேசவேண்டும். முதலில் இது தடையாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, இத்தனை நாள் அவள் பேச்சை நான் அல்லவா பிடுங்கிக்கொண்டிருந்தேன்!

மே 1 கூட்டத்துக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும், அளத்தில் வேலை மும்முரமாக நடக்கும் காலம் அது. மழை நெருங்கி வேலை குறையும் அக்டோபர் 2ஐத் தேர்ந்தோம். அதற்கு முன் சில வாரங்கள் அம்மா வீட்டுத் திண்ணையில் பழகினோம். ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று மூன்றே விஷயம் சொல்லவேண்டும். என்ன குறை? எத்தனை பேருக்கு? யார், எப்போதுக்குள் சரிசெய்யவேண்டும்? முதல் நாள் சிரிப்பில் போனது. ஒரு அக்கா பேச எழுந்து அழுதுவிட்டார். அடுத்த வாரம் அவரே முதலில் எழுந்தார்.

அன்று சபையில் நான் ஓரமாக நின்றேன். அம்மா எழுந்தாள். தோளில் யாரோ கைவைத்தார்கள்.

“விடியறதுக்கு முன்ன போறோம். மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல. ஏன்னு ஆம்பளைங்க யாராவது சொல்லுங்க பாப்போம்.”

யாரும் சொல்லவில்லை. அந்த மௌனம் முடியும்வரை அவள் உட்காரவில்லை. அத்தனை நேரம் பேசாமல் நிற்பதும் பேச்சுதான் என்பது நான் எந்த மேடையிலும் கற்காத பாடம். பிறகு எத்தனை பெண்கள், எந்த இடத்தில் வேண்டும் என்று சொன்னாள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். மற்றவர்கள் கேட்டுச் சரிபார்த்தார்கள்.

கழிப்பறை இன்னும் வரவில்லை. அடுத்த சபைக்கு யார் எழுந்து கேட்பது என்று திண்ணையில் இப்போது போட்டி. நான் கணக்கு மட்டும் எழுதுகிறேன்.