பெர்த் டு லண்டன்: தூரம் 14,500 கி.மீ... நேரம்தான் மாறுகிறது!

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த் நகரில் மாலையில் விமானம் ஏறினால், மறுநாள் விடியற்காலையில் லண்டனில் இறங்கிவிடலாம். கடிகாரத்தைப் பார்த்தால் 10 மணி நேரப் பயணம் போலத் தெரியும். ஆனால், சீட்டில் உட்கார்ந்திருப்பது என்னவோ 17 மணி நேரத்துக்கும் மேல்! லண்டன் கடிகாரம் பெர்த்தைவிட 7 அல்லது 8 மணி நேரம் பின்னால் ஓடுவதால் வரும் மயக்கம் இது.

சுமார் 14,500 கி.மீ தூரத்தை எங்கும் நிற்காமல் கடக்கும் இந்தச் சேவையை குவாண்டாஸ் நிறுவனம் 2018 மார்ச்சில் தொடங்கியது. பெர்த்தில் பிரிட்டனைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் ஏராளம். 'அம்மாவுக்கு உடம்பு முடியலை' என்று ஊரிலிருந்து போன் வந்தால், அவர்கள் மனதில் ஓடும் கணக்கு கிலோமீட்டர் இல்லை, மணி நேரம்தான்.

இரண்டு முறை உதித்த சூரியன்

இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் ஜப்பான் வசமானதும் ஆஸ்திரேலியா - பிரிட்டன் வான்வழி அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க, 1943-ல் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்கு 'கேட்டலினா' கடல் விமானங்கள் பறந்தன. எரிபொருளே பெரும் பாரம் என்பதால் பயணிகள் மூன்று பேருக்குத்தான் இடம். எதிரிக்குத் தெரியாமலிருக்க ரேடியோவைப் பேசவிடாமல், நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். சுமார் 30 மணி நேரம் வானிலேயே இருந்ததால், ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்தார்கள்!

1947-ல் தொடங்கிய சிட்னி - லண்டன் சேவையோ சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ என்று நின்று நின்று போய்ச்சேர நான்கு நாள்கள் ஆனது.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்

பெர்த்திலிருந்து லண்டன் போகும்போது எதிர்காற்று. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். அதனால் வரும் பயணம் பொதுவாகச் சீக்கிரம் முடியும்.

காற்றைப் போலவே போரும் நேரத்தை மாற்றும். 2024 ஏப்ரலில் மத்திய கிழக்கில் பதற்றம் கூடியபோது, அந்த வான்பகுதியைத் தவிர்த்துச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. எரிபொருள் போதாது என்பதால், லண்டன் போகும் விமானம் கொஞ்ச நாள் சிங்கப்பூரில் இறங்கி, நிரப்பிக்கொண்டு போனது.

எனவே, தொலைதூரப் பயணம் போகிறவர்கள் கூகுள் காட்டும் நேரத்தை அப்படியே நம்பி அடுத்த ரயிலுக்கோ விமானத்துக்கோ டிக்கெட் போட வேண்டாம். கிளம்பும் நாளில் விமானம் எந்த வழியாகப் போகிறது, எங்காவது நிற்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். கையில் சில மணி நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது. போய்ச்சேரும் நேரத்தைக் காற்றும் எரிபொருளும், சில சமயம் போரும்தான் முடிவு செய்கின்றன.