காடியும் புகையும்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், 'வெண்பன்றி இறைச்சி கிடைக்கும்' என்ற தட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தள்ளுவண்டி, பார்பிக்யூவாம், கொழுப்பு சொட்டிக் கரியிலிருந்து எழும் புகையோடு வினிகர் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏற, மனசு அதே தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு பெரம்பூருக்குப் போய்விட்டது.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடிய பாதை இது, பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஒன்று எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அந்த ஆன்ட்டி வத்தல் மிளகாய், சீரகம், பூண்டு எல்லாவற்றையும் அம்மியில் வைத்து, தண்ணீர் ஒரு சொட்டுப் படாமல், வினிகரையே தெளித்துத் தெளித்து விண்டாலுவுக்கு அரைப்பார், அலுமினியம் அரித்துப்போகும் என்று பீங்கான் ஜாடியில் பன்றிக்கறியைப் பிரட்டி, வாயைத் துணியால் கட்டிவிட்டு, "தொடாதே மேன், அது தூங்கட்டும்" என்பார். ரிட்டையர்டு டிரைவரான அவர் கணவர், சாய்வு நாற்காலியை விட்டு மாலையில் ஒருமுறை எழுந்து, துணியை விலக்கி மோந்து பார்த்து, தலையாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

அவர்கள் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, மடிக்கேரிப் பக்கம் ஒரு காப்பித்தோட்டத்து வீட்டில் வேறொரு புளிப்பைக் கண்டேன். கூடையில் கனிந்த கொடம்புளிப் பழம் சொட்டும் சாற்றைத் தார் போலக் கறுக்கும் வரை காய்ச்சியெடுத்த காச்சம்புளி, அடுப்புக்கு மேலே கட்டிய மூங்கில் தட்டியில் மழைக்காலம் முழுக்கப் புகை குடித்துக் கிடக்கும் கறி, வெளிச்சமென்று அந்த அடுக்களையில் இருந்தது கூரை ஓட்டில் பதித்த ஒரு கண்ணாடி வழியே இறங்கியதுதான், அதில் நின்று கிழவி, குழம்பை இறக்கும் நேரத்தில் காச்சம்புளியைக் கண்ணளவில் ஊற்றினாள். வினிகர் முகத்தில் அடிக்கும், இது மெல்ல நாக்கில் ஊறி வரும், நான் இன்றைக்கும் ஆன்ட்டியின் கட்சிதான்.

தள்ளுவண்டித் தம்பி நல்ல பையன். அமெரிக்காவில், வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில், முழுப் பன்றியை விறகுத் தணலில் இரவெல்லாம் வாட்டி, வினிகரும் மிளகாயும் தடவுவார்களாம், அதை யூட்யூபில் பார்த்துக் கற்றுக்கொண்டானாம், 'இரவெல்லாம்' என்பதை மட்டும் விட்டுவிட்டான் போல, கறி மேலாகப் புளித்து உள்ளே சப்பென்றிருந்தது. கை கழுவிவிட்டு, தட்டிக் கடையில் கொழுப்போடு ஒரு கிலோ வெட்டி வாங்கிப் போய், பரணிலிருந்து ஜாடியை இறக்கினேன், ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு என்றதும், "இன்னிக்கு வியாழக்கிழமைதானே, இப்பவே எதுக்குக் கறி?" என்று கேட்டாள் மனைவி.