பழைய மோட்டாரும் புதிய ஸ்டார்ட்டரும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் மாணாக்கனொருவன் மின்சார மோட்டாரைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையோ எனச் சிலர் நகைக்கக்கூடும். பழனிமலையில் தாண்டிக்குடிக்கு அருகே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் தாய்மாமன், குடும்பத்தில் ஆங்கிலம் வாசிக்க வல்லவன் யான் ஒருவனே என்னும் காரணத்தால், கோயம்புத்தூரில் வாங்கி வந்த பழைய மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படித்துச் சொல்லும் பணியை என்பால் ஒப்புவித்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது.

காப்பிப் பழம் பறித்த அன்றே தோல் உரிக்கப்பெறுதல் வேண்டும்; குவிந்து கிடப்பின் புளித்துக் கொட்டையின் தரம் கெடும். மாலையில் பொறி ஓடாதாயின் அன்றைய பழமும் கூலியும் ஒருங்கே நட்டமாம். மோட்டாரோ 7.5 குதிரைத்திறன் உடையது. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்திற்கு உரியது. முழுச் சுமையில் ஏறத்தாழ 11 ஆம்பியர் கொள்ளும். நேரே இணைத்துக் கிளப்புங்கால் அதனினும் ஆறு மடங்கு, அதாவது 66 ஆம்பியர் வரை இழுக்கும். மாமாவின் தோட்டம் மின்கம்பி வரிசையின் கடைக்கோடியில் உள்ளது. அத்துணை மின்னோட்டம் பாய்ந்தால் வோல்ட் சரிந்து அண்டை வீட்டு விளக்குகளெல்லாம் மங்கும்.

“வெறும் மெயின் சுவிட்ச் போதாதா, மாப்பிள்ளை?” என்றார் மாமா.

“போதாது மாமா. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் பொறி தானே சுழலத் தொடங்கும். அப்போது உள்ளே கைவிட்டுத் துடைப்பவர் கதி என்னாவது?” என்றேன். அதன்பின் அவர் அப்பேச்சை எடுத்திலர்.

ஸ்டார்-டெல்டா என வழங்கும் ஸ்டார்ட்டர், சுருள்களை முதலில் நட்சத்திர வடிவிலும், வேகம் ஏறியபின் முக்கோண வடிவிலும் இணைப்பது. முதல் நிலையில் ஒவ்வொரு சுருளுக்கும் 240 வோல்ட்டே கிட்டும். கம்பியில் பாயும் மின்னோட்டம் மூன்றில் ஒன்றாகும். ஆனால் எல்லா மோட்டாரும் இதற்கு இசையா. முக்கோண இணைப்பில் 415 வோல்ட் என்று தகட்டில் இருத்தல் வேண்டும். இணைப்புப் பெட்டியில் ஆறு முனைகளும் வெளிவந்திருத்தல் வேண்டும். பழைய மோட்டார் வாங்குவோர் வண்ணப்பூச்சைப் பாராது இவ்விரண்டையுமே முதலிற் பார்ப்பாராக. எங்கள் மோட்டாரில் நல்வினைப்பயனாக இரண்டும் இருந்தன.

மின்னோட்டம் குறையுமிடத்துச் சுழற்றும் விசையும் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது என்பதே இதன் குறை. மேலும் அவ்விசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. மாலையில் வோல்ட் 350-க்கு இறங்குமாயின், நேரே கிளப்பினும் உரிய விசையில் நூற்றுக்கு 71 பங்கே கிட்டும். நட்சத்திர நிலையிலோ 24-க்கும் குறைவு. பழம் நிறைந்த பொறியை அது அசைக்கமாட்டாது. வெறும் பொறியாகக் கிளப்பி, வேகம் ஏறியபின் பழத்தைக் கொட்டலாம் என்பதனாலேயே துணிந்தோம். மாவரைக்கும் பொறிக்கும் இது பொருந்தும். நிறைசுமையோடு கிளம்பவேண்டிய பொறிக்குப் பொருந்தாது.

மெல்லக் கிளப்பும் மின்னணுக் கருவிகள் இதனினும் சிறந்தவையே. ஆயினும் விலை மிகுதி. பழுதுற்றால் மலைமேல் திருத்துவாரும் அரியர். கடைக்காரர் பழைய ஸ்டார்ட்டர் ஒன்றை மிக மலிவாகக் காட்டினார். அதன் செப்புத் தொடுமுனைகள் கருகிக் குழி விழுந்திருந்தன. மோட்டார் பழையதாயிருப்பின் அதைக் காக்கும் கருவியேனும் புதியதாதல் வேண்டும் என்பது என் கருத்து. தானியங்கி வகையை விட்டு, கைப்பிடியால் மாற்றும் புதிய ஸ்டார்ட்டரையே கொண்டோம். பொறியருகே எப்போதும் ஆள் நிற்குமிடத்து அதுவே போதும். மலைக்காற்றில் மரம் சாய்ந்து ஒரு கம்பி மட்டும் அறுபடுதல் இங்குப் பெருவழக்கு. எஞ்சிய இரண்டில் ஓடும் மோட்டார் எரிந்துபோம். அதைத் தடுக்கும் கருவியொன்றும் உடன் வாங்கினோம்.

இணைக்குமுன் மின்வினைஞர் மெக்கர் கொண்டு காப்புத்தடை பார்த்தார். ஈரம் ஏறியிருந்தமையின் இரண்டு நாள் பெரிய விளக்கின் சூட்டில் உலர்த்தச் சொன்னார். மிகுசுமை ரிலே சுருளோடு தொடர்ந்திருத்தலின் அதை 11-இல் வையாது, 11-ஐ 1.73-ஆல் வகுத்து 6.4-இல் வைத்தார். தோட்டம் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது; அங்குக் காற்று மெலிந்து மோட்டாரைக் குளிர்விக்கும் ஆற்றல் குறையும். ஆகவே முழுச்சுமை ஏற்றவேண்டா என்றும் சொல்லிப்போனார். மாமா அவ்வெண்ணைச் சுவரில் கரியால் எழுதி, அதன்கீழ் “முதலில் வெறும் பொறி, பிறகு பழம்” என்றும் எழுதிவைத்தார்.