செயற்கைக்கோளும் ஒரு டிபன் டப்பாவும்

மச்சினன் டைனிங் டேபிளில் மூன்று கருவிகளை வரிசையாக வைத்தபோது, டி.வி. ரிமோட் சேர்க்கிறான் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு, மூன்றாவதன் தலையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கொம்பு.

"அத்தான், நாளைக்குப் புதையல் எடுக்கப் போறோம். இதுல எது வேணும்னு எடுத்துக்குங்க."

இடம், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்ட். பெண்டாட்டியின் தம்பி வீட்டில் வந்து இறங்கி நாலு நாள் ஆகியிருந்தது. 'புதையல்' என்றதும் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது.

"எவ்வளவு தேறும்?"

"பழைய சாவிக்கொத்து, பிளாஸ்டிக் பொம்மை, பென்சில். அதை எடுத்தாலும் பதிலுக்கு ஒண்ணு வச்சுட்டு வரணும்."

இந்த விளையாட்டுக்கு ஜியோகாச்சிங் என்று பெயர். யாரோ ஒரு புண்ணியவான் காட்டிலோ பார்க்கிலோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவிப்பார். நாம் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி அங்கேயே ஒளித்துவிட்டு வர வேண்டும். பூமிக்கு மேலே 20,200 கிலோமீட்டரில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கொண்டு ஒரு டிபன் டப்பாவைத் தேடுகிறார்கள். வரவு செலவு பார்த்தால் தலை சுற்றும்.

சனிக்கிழமை போனது இந்த விளையாட்டு பிறந்த ஊருக்கு. போர்ட்லண்டுக்குத் தெற்கே பீவர்க்ரீக் பக்கம் ஒரு காட்டு ரோடு. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சொத்து என்பதால், பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் முன்பெல்லாம் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினார்கள். நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். 2000 மே மாதம் 2-ம் தேதி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் புத்தகம், கவண், ஒரு பீன்ஸ் டின் எல்லாம் போட்டு இங்கே ஒளித்து வைத்து, 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்று ஊருக்குச் சொன்னார். மூன்று நாளுக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அந்த பீன்ஸ் டின்னைப் பிற்பாடு கண்டெடுத்து, உற்சவமூர்த்தி கணக்காக விழாக்களுக்கு எழுந்தருளப் பண்ணுகிறார்களாம்!

ரோட்டோரம் என்பதால் அங்கே செல்போனே போதுமானதாக இருந்தது. "இதுக்குப் போய் எதுக்குடா தனியா மிஷின்?" என்று கேட்டுவிட்டேன். மச்சினன் ஒன்றும் சொல்லாமல் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ஹூட் அடிவாரக் காடு. 3,429 மீட்டர் உயர எரிமலை, ஆனால் அன்றைக்குப் பனிமூட்டத்தில் அதன் கால்விரல்கூடக் கண்ணில் படவில்லை. அக்டோபர் மாதம், பிசுபிசு மழை. டக்ளஸ் ஃபிர் மரங்கள், ஒவ்வொன்றும் நம்ம ஊர்க் கோபுரம் உயரம். கீழே இடுப்பளவு பெரணி, எங்கு பார்த்தாலும் பாசி. காரை நிறுத்திய இடத்தில் மச்சினன் அந்தப் பழைய மஞ்சள் கருவியை என்னிடம் கொடுத்து, ஒரு பட்டனை அமுக்கி 'கார்' என்று குறித்துவைக்கச் சொன்னான்.

"காரை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?"

"அமுக்குங்க அத்தான்!" அமுக்கினேன். இரண்டு பென்டார்ச் பேட்டரியை வேறு என் சட்டைப் பையில் திணித்தான். டப்பாவின் எண்களை நானே அடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

அட்சரேகையில் 21.460 நிமிடம் என்று இருந்தது. என் கருவி நிமிடம், விநாடி என்ற கணக்கில் செட் செய்யப்பட்டிருந்தது. நான் என்ன செய்தேன், 21 நிமிடம் 46 விநாடி என்று அடித்தேன். பி.காம். படித்தவன் செய்கிற காரியமா இது? 0.460 நிமிடம் என்றால் 27.6 விநாடி. வித்தியாசம் 18.4 விநாடி. அட்சரேகையில் ஒரு விநாடி சுமார் 31 மீட்டர். ஆகக்கூடி, டப்பா இருந்த இடத்துக்கு 570 மீட்டர் வடக்கே எனக்கொரு கற்பனைப் புதையல்.

"நீங்க அந்தப் பக்கமா வாங்க, நான் இந்தப் பக்கமா வர்றேன், யார் முதல்ல பாக்கறா பார்ப்போம்" என்று ஓடைக்கரையில் இரண்டு பேரும் பிரிந்தோம். நான் அம்புக்குறியைப் பார்த்தபடி உற்சாகமாக நடந்தேன். நடக்கும்போது அம்பு சரியாகக் காட்டும். நின்றால் பேய் பிடித்த மாதிரி சுற்றும். (உள்ளே எலெக்ட்ரானிக் காம்பஸ் இல்லாத கருவிகள் அப்படித்தான். நீங்கள் நகர்ந்தால்தான் அதற்குத் திசை புரியும்.) ஒருவழியாக 'வந்து சேர்ந்துவிட்டாய்' என்றது. சுற்றிப் பார்த்தேன். பெரணி, பாசி, மரம். டப்பா இல்லை. மச்சினனும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரலைப் பாசி குடித்துவிட்டது.

செல்போனை எடுத்தேன். காலையிலிருந்து எடுத்த போட்டோக்கள், டவர் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடி அது பட்ட பாடு, குளிர் எல்லாம் சேர்ந்து அதை அணைத்துவிட்டிருந்தன. மணி ஐந்தரை. ஆறேகால் வாக்கில் சூரிய அஸ்தமனம். காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டிவிடும். வந்த பாதை எந்தப் பக்கம்? எல்லா மரமும் ஒரே மரமாகத் தெரிந்தது. முழங்காலில் ஒரு நடுக்கம். அது குளிரால் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

'கார்' ஞாபகம் வந்தது. தட்டினேன், 1.4 கிலோமீட்டர் என்றது. உயிர் வந்தது. அம்பு காட்டிய திசையில் விறுவிறுவென்று நடந்தால், கால் மணி நேரத்தில் ஓடை குடைந்த ஒரு செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்றேன். அதன்மேல் தப்பில்லை, அதற்கு நேர்கோடு மட்டும்தான் தெரியும். காக்காய்க்கு அந்த வழி சரி. எனக்குத்தான் சிறகில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துத் திரை மங்கி அணைந்தது!

சட்டைப் பையிலிருந்த பேட்டரிகள் உடம்புச் சூட்டில் இதமாக இருந்தன. விரைத்த விரலால் மூடியைத் திறந்து மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது. அதற்குள் எந்தெந்தக் கோயிலுக்கு என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்பது மனைவிக்குக்கூடத் தெரியாது. திரை மறுபடி எரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், நான் வந்த வழியெல்லாம் அதில் புள்ளிப் புள்ளியாகக் கோடு போட்டு வைத்திருந்தது. அம்பை விட்டுவிட்டுக் கோட்டைப் பிடித்தேன். எறும்பு தன் சாரியிலேயே திரும்புமே, அந்த மாதிரி என் சொந்தக் கால் சுவட்டிலேயே, சுற்றிப் போன இடத்தில் சுற்றி, வழுக்கிய இடத்தில் மறுபடி வழுக்கி, திரும்பி வந்தேன். கடைசி அரை கிலோமீட்டர் அந்தத் திரை வெளிச்சத்தில்தான்.

கார் அருகே டார்ச்சோடு மச்சினன் நின்றிருந்தான். திட்டுவான் என்று பார்த்தால், குரல் உடைந்துபோய், "அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது அத்தான்?" என்றான். வீடு வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.

மறுநாள் மலையேறும் சாமான் விற்கும் கடைக்கு நானே இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பளபளவென்று தொடுதிரை மாடலைத்தான் முதலில் நீட்டினார். ஈர விரலால் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வேண்டாம், பட்டன் போதும். ஒருமுறை சார்ஜ் செய்தால் 180 மணி நேரம் என்ற ஜி.பி.எஸ்.மேப் 67 அருமையான சரக்குதான். ஆனால் மூடியைத் திறந்து மாற்றும் பென்டார்ச் பேட்டரிமேல் எனக்கு முந்தின நாள் ஏற்பட்ட பாசம் லேசில் போகாது.

மச்சினன் கொம்பு வைத்த கட்சி. ஜி.பி.எஸ்.மேப் 65எஸ் மாதிரி கருவிகளில் அந்தக் கொம்புக்குள் சுருள் ஆன்டெனா இருக்கிறது. நிமிர்த்திப் பிடித்தால் அடர்ந்த மரத்தடியிலும் சிக்னலை விடாது. இரண்டு அலைவரிசை வாங்குவதால் பள்ளத்தாக்குகளிலும் தடுமாற்றம் குறைவு. பேட்டரி 16 மணி நேரம். என் கண் விழுந்தது 2019-ல் வந்த ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் மேல். அதில் தட்டை ஆன்டெனா, ஆகவே திரை வானத்தைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். ஆனால் 25 மணி நேரம் உழைக்கும், உள்ளங்கையில் அடங்கும், நின்றாலும் அம்பு சுற்றாத காம்பஸ் உண்டு. அதன் தம்பி 22எக்ஸ்ஸில் அந்தக் காம்பஸ் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள், டப்பா தேடுகிற கடைசி இருபது மீட்டரில் அழுவீர்கள். நான் 32எக்ஸ்தான் வாங்கினேன். விலையை இங்கே எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

"அதெல்லாம் எதுக்கு? இதைப் பரிசா எடுத்துட்டுப் போங்க" என்று மச்சினன் காட்டியது ஆபத்து பட்டன் வைத்த கருவி. அமுக்கினால் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்டுச் செய்தி போகும். நேற்று என்னிடம் அது இருந்திருந்தால் அமுக்கியிருப்பேன். நல்லவேளையாக நம்ம ஊர் சட்டம் ஞாபகம் வந்தது. மத்திய அரசின் அனுமதியில்லாமல் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் எந்தச் சாதனத்தையும் இந்தியாவுக்குள் வைத்திருக்கக் கூடாது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இப்படி ஒன்றைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி போலீஸ், கோர்ட் என்று அலைய நேர்ந்தது. வெறும் ஜி.பி.எஸ். ரிசீவர் வானத்திலிருந்து வாங்கிக்கொள்ளும், எதையும் திருப்பி அனுப்பாது. அது இங்கேயே கடையில் கிடைக்கிறது.

கருவி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் நுழைந்துவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். தீ எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எந்த ஜி.பி.எஸ்.ஸும் சொல்லாது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகும்படி திறந்துவிட்டிருக்கிறது. புள்ளிக்கோட்டைப் பதிவு செய்துகொண்டே அந்த வழிகாட்டி பின்னால் போங்கள். டப்பா ஒளிக்கும் ஆசையை மட்டும் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் பேப்பரில் 'மர்ம டப்பாவால் பரபரப்பு' என்று வரும்.

சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி என் பையைத் திறந்து கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"நாம எங்க இருக்கோம்னு சொல்லும் சார். வாங்க மட்டும்தான் செய்யும், அனுப்பாது."

"அப்படியா? போடுங்க பாக்கலாம்."

போட்டேன். தலைக்கு மேலே கான்கிரீட் கூரை. செயற்கைக்கோளைத் தேடுகிறேன், தேடுகிறேன் என்று இரண்டு நிமிஷம் மன்றாடிவிட்டு, கடைசியாகத் தெரிந்த இடத்தைத் திரையில் காட்டியது. அதிகாரி குனிந்து படித்தார்.

"போர்ட்லண்ட்னு போட்டிருக்கு?"

"கொஞ்சம் வெளியில வந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். பின்னால் க்யூவில் நின்றவர் சிரித்துவிட்டார். அதிகாரி கருவியை என் கையில் கொடுத்து, வாசல் இருக்கும் திசையை விரலால் காட்டினார்.