பையனுக்கா மேடம்?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் ஏறிய முதல் கடையிலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. "பையனுக்கா மேடம்?"

எனக்குத்தான் என்றேன்.

"டைப்பிங்குக்கா?"

கேம் ஆட என்றேன். கடைக்காரத் தம்பி என் பருத்திப் புடவையையும் கழற்ற மறந்திருந்த கல்லூரி அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு, "அப்போ பிராண்டட் போயிருங்க. அசெம்பிள்டு உங்களுக்குத் தொல்லை" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தது தம்பியின் கணினியில். அவன் ஆடி முடித்து எழும்வரை பின்னால் நாற்காலி போட்டுக் காத்திருப்பேன். பதினொரு மணிக்கு மேல்தான் எனக்கு முறை வரும். ஒருநாள் நானும் ஆடிப் பார்க்கிறேன் என்றதற்கு அம்மா சொன்னாள்: "உனக்கு எழுதுற வேலை இருக்குல்ல?" இருந்தது. பிறகு வேலை, குழந்தை, விடைத்தாள் என்று அது இருந்துகொண்டே இருந்தது. 2023இல், இரண்டு வருடம் விடைத்தாள் திருத்திச் சேர்த்த 35,000 ரூபாயோடு அந்தக் கடையில் நின்றேன்.

ஆயத்தப் பெட்டியைக் குறை சொல்லமாட்டேன். ஒரே ரசீது, ஒரே வாரண்டி, கெட்டுப்போனால் ஆள் வீட்டுக்கு வருவார். கையில் வேறு கணினி இல்லாத, நாளை கட்டுரை சமர்ப்பிக்க வேண்டிய மாணவி கேட்டால் அதையே வாங்கச் சொல்வேன். ஆனால் எனக்குக் காட்டிய பெட்டியில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம். பின்னால் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட நினைத்தால் வழியில்லை. ரேம் 8 ஜிபி, ஒற்றைக் குச்சி. தனி கார்டு இல்லாத கணினியில் படம் வரையும் வேலையும் ரேமிலிருந்துதான் கடன் வாங்கும். ஒரு குச்சியைவிட ஜோடியாக இரண்டு போட்டால் விளையாட்டு நன்றாகவே ஓடும். இது தெரிந்த பிறகு வாங்க மனசு வரவில்லை. ரைசன் 5 5600ஜி, எட்டு எட்டாக இரண்டு ரேம், ஒரு எஸ்எஸ்டி, கேபினெட் என்று தனித்தனியாக எடுத்தேன். என் சின்ன ஆசைக்குத் தனி கார்டு தேவையில்லை. "ஃபிட்டிங் நாங்களே பண்ணித் தரோம் மேடம்" என்றார். வேண்டாம் என்றேன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் இதைவிடப் பொடியான பாகங்களை நாள் முழுக்கப் பூட்டுகிற ஆயிரக்கணக்கானோர் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப்போனபோது நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தவர்களும் அவர்கள்தான். பூட்டும் வேலை பெண்ணுக்குத் தொல்லை என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ப்ராசஸருக்கு அடியில் 1331 ஊசிகள், ஒன்று வளைந்தாலும் போச்சு. மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தினால் தானே உள்ளே இறங்குகிறது. அழுத்தவே கூடாது. ஃபேன் பூட்டி, ஸ்விட்ச் வயர்களைக் கண்ணாடி போட்டுத் தேடிச் செருகி, பொத்தானை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

கணவர் வந்து பார்த்தார். "கடையிலயே பண்ணித் தரேன்னாங்கல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. மூன்று மணிநேரம் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். கடைசியில் ரேம்தான். ப்ராசஸரிடம் காட்டிய அதே பயத்தில் இதையும் மெதுவாக வைத்திருக்கிறேன். ரேமை அழுத்த வேண்டும், 'டக்' என்று சத்தம் வரும்வரை. உடைந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்தினேன். டக். இன்னொன்று, டக். திரையில் எழுத்து வந்தபோது மகளைக் கூப்பிட நினைத்தேன், தூங்கியிருந்தாள்.

ஸ்டார்டியூ வேலியில் முதல் நாள் பதினைந்து பார்ஸ்னிப் விதை தருவார்கள். நட்டு, தண்ணீர் ஊற்றினேன். அந்த ஊரில் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தால் மயங்கி விழுந்துவிடுவோம். எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டுதான். காலையில் முதல் பாடவேளை எனக்கு. இன்னொரு நாள் ஆடினேன்.