முதுகுப்பக்கத்துச் சிப்

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் புதுப் பை கிடைக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் கிடைத்ததில்லை. போன வருசத்துப் பையின் சிப்பில் அம்மா மெழுகுதிரித் துண்டொன்றைத் தேய்த்து, ரெண்டு தரம் இழுத்துப் பார்த்து, "இந்த வருசத்துக்குக் காணும்" என்று தருவா. எங்களில் ஒருத்தி மன்னார், மற்றவ யாழ்ப்பாணம். வீடு வேறு, மெழுகுதிரி ஒன்றுதான். அதே மெழுகுதிரியை நோர்வேயில், கடலுக்கடியில் போவதற்காகத் திரும்பக் கையில் எடுப்போம் என்று நாங்கள் நினைத்ததேயில்லை.

படிக்க வந்த இடம் பேர்கன். எந்த நேரமும் மழை, எந்தத் தெருவால் இறங்கினாலும் கடல். முதல் வருசம் கரையில் நின்று பார்த்தோம். ரெண்டாம் வருசம் ஒரு டைவிங் கிளப்பில் சேர்ந்தோம். மன்னார்க்காரியின் அப்பா தொழிலுக்குப் போகிறவர். செய்தியைச் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "அங்க கடலுக்க இறங்கிறதுக்கு நீங்கள் காசு குடுக்கிறியளோ?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கு. எங்கட பக்கத்தில் சங்கு குளிக்கிற ஆக்களுக்குத் தண்ணியின் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே குளிர்காலத்தில் தண்ணி ஐந்தாறு பாகைதான். காற்றைவிடத் தண்ணி உடம்புச் சூட்டைக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக எடுத்துவிடும். அதனால் இங்கே போடுவது ட்ரைசூட். வெட்சூட் என்றால் உள்ளே கொஞ்சம் தண்ணி வரும், அது உடம்பில் சூடாகும். ட்ரைசூட்டுக்குள் தண்ணி வரவே கூடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் பட்டி, காலில் சேர்த்து ஒட்டின சப்பாத்து, உள்ளே தடித்த கம்பளி உடுப்பு, அதுக்கும் உடுப்புக்கும் இடையில் காற்று. உண்மையில் சூட்டைக் காப்பாற்றுகிறது அந்தக் காற்றுத்தான்.

இவ்வளவுக்கும் ஒரே ஒரு வாசல். எங்கட உடுப்பில் அது முதுகுப்பக்கம், ஒரு தோளிலிருந்து மற்றத் தோள் வரைக்கும் போகிற நீளமான பித்தளைச் சிப். அதைப் போட்டிருக்கிற ஆளால் பூட்ட ஏலாது, பார்க்கவும் ஏலாது. பின்னால் நிற்கிற ஆள்தான் பூட்ட வேணும்.

எங்களுக்கு ரெண்டு உடுப்பு. ஒன்று கிளப்பிலிருந்து இரவல். மற்றதை ரெண்டு பேருமாகக் காசு போட்டுப் பழையதாக வாங்கினோம். எங்கட சொந்தம் என்ற பெருமையில் மாறி மாறிப் போட்டோம். முடிந்ததும் நனைந்தபடியே நாலாக மடித்து ஒரு பெரிய பைக்குள் அமத்திக்கொண்டு பஸ் ஏறுவோம். அறைக்கு வந்தால் படிப்பு, வேலை, நித்திரை. பை அடுத்த கிழமைதான் திறபடும். சிப் இறுகினால் இன்னும் பலமாக இழுப்போம். அவ்வளவுதான் எங்கட பராமரிப்பு.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. நேரம் போய்விட்டது, மற்ற ஆக்கள் இறங்கிவிட்டார்கள். சிப் பாதியில் நின்றது. பின்னால் நின்றவ ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சரிவாக இழுத்தா. ஏதோ 'டிக்' என்றது. ரெண்டு பேருக்கும் கேட்டது. ரெண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

பதினாறு மீட்டரில் நடு முதுகில் ஒரு குளிர்ந்த விரல் வைத்த மாதிரி இருந்தது. பிறகு அது கோடாக இடுப்புக்கு இறங்கியது, பிறகு ஒரு கால் பாரமானது. டைவிங்கில் பெருவிரலை மேலே காட்டினால் 'நல்லம்' என்று அர்த்தம் இல்லை, 'மேலே போவம்' என்றுதான் அர்த்தம். பெருவிரலைக் காட்டினோம். ஆனால் அவசரமாக மேலே வர முடியாது. மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிசம் நிற்கப் பழக்கியிருந்தார்கள். அந்த மூன்று நிமிசமும் ஒருத்தி நடுங்கிக்கொண்டிருந்தா, மற்றவ அவவின் கையைப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. எங்கட வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று நிமிசம் வேறு இல்லை.

கரையில் சூடான தேத்தண்ணி குடித்து, கை விறைப்பு எடுபட்ட பிறகு சண்டை தொடங்கியது. "நீ இழுத்த இழுவைதான்." "நீ நேரத்துக்கு வந்திருந்தா நான் ஏன் இழுக்கிறன்?" அன்று ஒரே பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் இருந்து வந்தோம். ஒரு கிழமை ஒழுங்காகக் கதைக்கவில்லை.

கிளப்பில் உடுப்புத் திருத்துகிற ஒரு வயதான மனிசர் இருக்கிறார். உடுப்பை அவரிடம் கொண்டுபோனோம். யார் பிழை என்று அவர் சொல்லுவார் என்று ரெண்டு பேருமே எதிர்பார்த்தோம் போல. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மணிக்கட்டுப் பட்டிக்குள் போத்தலும் கழுத்துக்குள் ஒரு பந்தும் வைத்து அடைத்து, உடுப்புக்குள் காற்றை விட்டார். அது தலையில்லாத தடித்த ஆள் மாதிரி எழும்பியது. பிறகு சிப் நெடுக சவர்க்காரத் தண்ணி பூசினார். எங்கட ஊர்ச் சைக்கிள் கடையில் டியூப்பைத் தண்ணிச் சட்டிக்குள் அமத்திப் பார்க்கிற அதே வேலை.

'டிக்' என்ற இடத்தில் குமிழி வந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நடுவில் ஒரு இடத்திலும், மற்ற நுனியில் ரெண்டு இடத்திலும் குமிழி வந்தது. அங்கே யாரும் அன்றைக்கு இழுக்கவில்லை.

பல் தண்ணியைத் தடுப்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம். சிப்பின் ரெண்டு பக்கத்திலும் ரப்பர் பூசின துணி விளிம்பு இருக்கு. தடுப்பது அதுதான். அந்த ரெண்டு விளிம்பையும் ஒன்றோடு ஒன்று அமத்திப் பிடிக்கிறது மட்டும்தான் பல்லின் வேலை. ஒரு பல் வளைந்தால் அந்த இடத்தில் பிடி தளரும். நாலாக மடித்தபோது நடு மடிப்பு எங்கே வந்ததோ, அங்கேதான் நடுக் குமிழி. நுனியில் உப்பு காய்ந்து, பல்லுக்கிடையில் பச்சையாய்க் களிம்பு. எங்கட சிப் அந்தச் சனிக்கிழமை பழுதாகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகியிருந்தது. பையை மடித்தது ரெண்டு பேரும். உப்பைக் கழுவாமல் விட்டது ரெண்டு பேரும்.

பழைய சிப்பை வெட்டி எடுத்துப் புதியதை ஒட்ட வேணும். ஊருக்குப் போகச் சேர்த்த காசில் கை வைத்தோம். ஒட்டித் தரும்போது அவர் பராமரிப்பையும் செய்து காட்டினார். யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறோம்.

கடலால் வந்த உடனே, காய முன்னம், நல்ல தண்ணியால் சிப்பைக் கழுவ வேணும். பல்லுக்கிடையில் மண் இருந்தால் மெத்தென்ற பல்தூரிகையும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணியும் காணும். காய்ந்த பிறகு, சிப்பைப் பூட்டி, பல்லின் வெளிப்பக்கத்தில் மட்டும் மெழுகு தேய்க்க வேணும். தேன்மெழுகு நல்லது, வாசமில்லாத வெள்ளை மெழுகுதிரியும் சரி. அப்பிவிடக் கூடாது, கூடினால் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். சிலிக்கோன் ஸ்ப்ரே கிட்டவும் வரக்கூடாது. சிப் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் பிறகு எப்பவாவது மாற்ற வேண்டி வந்தால் அந்த இடத்தில் பசை ஒட்டாது. பூட்டும்போது ஒருத்தர் உடுப்பை நேராக இழுத்துப் பிடிக்க, கம்பளி நூல் ஏதும் இடையில் இல்லையென்று பார்த்து, சிப்பின் தலையைப் பல் போகிற திசையிலேயே இழுக்க வேணும். இறுகினால் பலம் காட்டாமல், பின்னுக்கு எடுத்து, ஏன் என்று பார்க்க வேணும். வைக்கும்போது சிப்பில் மடிப்பு விழக்கூடாது. பித்தளைச் சிப் என்றால் பெரும்பாலும் திறந்தபடி தொங்கவிடச் சொல்வார்கள். இப்போது வருகிற பிளாஸ்டிக் பல் சிப்புக்கு வேறு முறை. அதைப் பொதுவாக மூடி வைக்க வேணும், மெழுகுக்குப் பதிலாக அதோடு வருகிற பசைமாதிரி எண்ணெயை நுனியில் பூச வேணும். உடுப்போடு வருகிற குறிப்பை வாசிப்பது நல்லது. நாங்கள் வாசிக்கவில்லை.

யாழ்ப்பாணத்து அம்மாவுக்குக் களிம்புக் கதையைச் சொன்னோம். "பித்தளையெண்டா புளி போட்டு மினுக்க வேண்டியதுதானே பிள்ளை" என்றா. குத்துவிளக்குக்குச் சரி, ரப்பர் பூசின துணிக்குப் புளி ஆகாது அம்மா என்று விளங்கப்படுத்தினோம். மெழுகுதிரி என்றதும் மட்டும் சிரித்தா. "அதை நான் உனக்கு ஆறாம் வகுப்பிலேயே காட்டினனே."

மன்னாரில் அப்பா சொன்னது வேறு. அவர் தொழிலால் வந்து, மீனை நிறுத்துக் குடுத்து, என்ன களைப்பு என்றாலும் எஞ்சினை நல்ல தண்ணியில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். சின்ன வயதில் அது எங்களில் ஒருத்திக்கு எரிச்சல். சோறு ஆறும், அப்பா இன்னும் எஞ்சினோடு நிற்பார். "உப்பு காத்துக்கொண்டு இருக்கும் பிள்ளை, நாங்கள் மறக்கும் வரைக்கும்" என்று இந்த முறை போனில் சொன்னார். முந்தியும் சொல்லியிருப்பார். அப்ப எங்களுக்கு உடைய ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு சின்ன விசயம். ஆங்கிலத்தில் 'சிப்பர்' என்ற பெயர் பரவினது 1923இல், ஒரு அமெரிக்க ரப்பர் கம்பனி விற்ற சப்பாத்தால். மழைக்கும் சேற்றுக்கும் போடுகிற ரப்பர்ச் சப்பாத்து. அந்தப் பெயர் தொடக்கத்திலிருந்தே ஈரத்தோடுதான் திரிந்திருக்கு.

இப்போது சனிக்கிழமைகளில் அரை மணித்தியாலம் முந்திப் போகிறோம். ஒருத்தி கையை முன்னால் கட்டிக்கொண்டு திரும்பி நிற்பா. மற்றவ மெழுகைத் தேய்த்து, நேராக இழுத்து, கடைசி நுனிவரைக்கும் போயிற்றா என்று விரலால் தடவிப் பார்ப்பா. சிப் முழுக்கச் சரியாக இருந்தாலும் கடைசி ஒரு சென்ரிமீற்றர் திறந்திருந்தால் போதும், உடுப்பு நிரம்பிவிடும்.

"பூட்டியாச்சா?"

"பொறு, திரும்பப் பாக்கிறன்."

முந்தி இந்தப் பதில் கேட்டால் எரிச்சல் வரும். இப்போது பொறுத்து நிற்கிறோம்.