பையின் வீடு பாண்டியில்... கடல் தைவானில்!

புதுச்சேரி நேரு வீதியில் இருக்கும் குபேர் அங்காடிக்குள் காலை ஏழு மணிக்கு நுழைந்தால் கால் வைக்க இடம் தேட வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் 'பெரிய மார்க்கெட்'. ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் காய்கறி, இன்னும் உள்ளே போனால் மீன். இங்கே இரண்டு ரக ஆட்கள் வருவார்கள். கையில் துணிப்பையோடு வருகிறவர்கள் ஒரு ரகம். 'பை'யையே தேடி வருகிறவர்கள் இன்னொரு ரகம்!

இரண்டாவது ரகத்தினர் தேடுவது 'லைஃப் ஆஃப் பை' படத்தின் பாண்டிச்சேரியை. யான் மார்டெல் 2001-ல் எழுதிய நாவல். மறு வருடமே புக்கர் பரிசு. அதை இயக்குநர் ஆங் லீ படமாக்க வந்தது 2011 ஜனவரியில். 18-ம் தேதி, முத்தியால்பேட்டை ஜெபமாலை மாதா தேவாலயத்தில் முதல் ஷாட். மாதக் கடைசி வரை ஊருக்குள்ளேயே படப்பிடிப்பு. அப்புறம் மூணாறு. அதற்கும் அப்புறம் தைவான்.

அந்த இரண்டு வாரமும் பாண்டி மக்களுக்குத் திருவிழாதான். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலில் எடுத்த காட்சியில் கூட்டமாக நின்றவர்களில் உள்ளூர் முகங்கள் ஏராளம். ஹாலிவுட் செட்டைப் பார்க்க இவர்கள் பாஸ்போர்ட் எடுக்கவில்லை, விசாவுக்கு வரிசையில் நிற்கவில்லை. வெளிநாட்டு செட் இவர்கள் தெருவுக்கே வந்தது.

எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. உலகம் முழுக்க சினிமா ரசிகர்கள் இப்போது காசு கொடுத்துத்தான் செட்டுக்குள் நுழைகிறார்கள். அதற்குப் பெயர் கிரவுட் ஃபண்டிங். படம் எடுக்க ஒரே தயாரிப்பாளரை நம்பாமல், ஆயிரக்கணக்கான பேரிடம் ஆளுக்குக் கொஞ்சம் வாங்குவது. கொடுத்த தொகைக்கு ஏற்ப பரிசு உண்டு. சின்னத் தொகைக்கு நன்றிக் கடிதம், டிஷர்ட், டிவிடி. கொஞ்சம் பெரிய தொகைக்கு டைட்டிலில் பெயர். இன்னும் பெரிய தொகைக்கு ஒரு நாள் படப்பிடிப்பைப் பார்க்க அழைப்பு.

இதில் ரொம்பப் பேசப்பட்டது 'வெரோனிகா மார்ஸ்' என்ற அமெரிக்கப் படம். டி.வி. தொடராக வந்து பாதியில் நின்றுபோன கதை. 2013-ல் ரசிகர்களிடமே கையேந்தினார்கள். கேட்டது 20 லட்சம் டாலர். வந்தது 57 லட்சம் டாலர். கொடுத்தவர்கள் 91,585 பேர்! இதில் 10,000 டாலர் கொடுக்கும் ஒரே ஒருவருக்கு, படத்தில் ஹோட்டல் சர்வராக வந்து ஒரு வரி பேசும் வாய்ப்பு. சர்வராக வேலை பார்க்கக் காசு கொடுப்பதா என்று நம் ஊர்ப் பாட்டிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

ஆனால், நம்மூருக்கு இது புதிதே அல்ல. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று சொல்கிறோமே, அதுதான் இது. வில்லியனூர் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொட்ட பிறகுதான் தேர் நகரும். பெரிய கையும் சின்னக் கையும் ஒரே வடத்தில்.

சினிமாவிலும் அப்படி வடம் பிடித்தவர்கள் உண்டு. 1976-ல் வந்த ஷ்யாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்குத் தயாரிப்பாளர்கள், குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர். ஆளுக்கு 2 ரூபாய். யோசனை சொன்னவர் வெண்மைப் புரட்சி வர்கீஸ் குரியன். படம் ரிலீஸானதும் லாரி லாரியாக வந்து, 'நம்ம படம்' என்று பார்த்துவிட்டுப் போனார்கள். 48 வருடம் கழித்து, 2024-ல் கான் திரைப்பட விழாவில் அதன் புதுப்பித்த பிரதி திரையிடப்பட்டது.

கேரளத்தில் ஜான் ஆப்ரஹாமும் அவருடைய 'ஒடேசா' குழுவும் ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளின் படத்தைத் திரைபோட்டுக் காட்டி, மக்களிடம் காசு வசூலித்து, 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். கன்னடத்தில் 'லூசியா' 2013-ல் வந்தது. பவன் குமாருக்குத் தயாரிப்பாளர் கிடைக்காமல், இணையத்தில் கேட்டு 110 பேரிடம் பணம் திரட்டி எடுத்த படம். சித்தார்த் நடித்து 2015-ல் வந்த 'எனக்குள் ஒருவன்' இதன் தமிழ் ரீமேக்தான்.

'லைஃப் ஆஃப் பை' இப்படி எடுத்த படம் அல்ல. அது ஹாலிவுட் பெரிய கம்பெனியின் படம். பட்ஜெட் 12 கோடி டாலர். ஒருவேளை அதற்கும் ரசிகர்கள் காசு போட்டு, ஒரு பாண்டிக்காரருக்கு தைவான் செட்டைப் பார்க்கும் சீட்டு விழுந்திருந்தால்? போய் அவர் என்ன பார்த்திருப்பார்?

கடலைப் பார்த்திருக்க மாட்டார். தைச்சுங் நகரத்தில், மூடிக் கிடந்த பழைய விமான நிலையத்தில் ஒரு தொட்டி கட்டினார்கள். 17 லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 64 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் இயந்திரம் வைத்து அலை எழுப்பினார்கள். பசிபிக் பெருங்கடலாக நாம் பார்த்தது பெரும்பாலும் அந்தத் தொட்டியைத்தான். சுற்றிலும் நீலத் திரை. வானமும் தொடுவானமும் பிற்பாடு கம்ப்யூட்டரில் வந்தவை. படகில் இருந்த பையன் சூரஜ் சர்மா, டெல்லி மாணவர். மூவாயிரம் பேரில் தேர்வானவர். தேர்வானபோது அவருக்கு நீச்சலே தெரியாது! அவருக்கு எதிரே பல்லைக் காட்டிய புலி, பெரும்பாலான காட்சிகளில் அங்கே இல்லவே இல்லை.

செட்டுக்குப் போய் வந்த யாரைக் கேட்டாலும் இதுபோலத்தான் சொல்வார்கள். காலையிலிருந்து காத்திருப்பு. லைட்டை மாற்றுவார்கள், கேமராவை நகர்த்துவார்கள், ஒரே வசனத்தைப் பதினைந்து தடவை எடுப்பார்கள். செல்போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். கதையை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். மதியச் சாப்பாடு மட்டும் பெரும்பாலும் நன்றாக இருக்கும்!

இப்படியொரு அழைப்புக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாதிரித் திட்டங்களில் பெரும்பாலும் விமான டிக்கெட், தங்குமிடம், விசா எல்லாம் உங்கள் செலவுதான். பரிசு அடிப்படையிலான திட்டத்தில் நீங்கள் கொடுப்பது முதலீடு அல்ல. படம் கோடி கோடியாக வசூலித்தாலும் பங்கு வராது. படம் நின்றுபோனால் பணம் திரும்பி வருமா என்பதை விதிமுறைகளில் முதலிலேயே படித்துவிடுவது நல்லது. குழந்தையின் படிப்புக்கு வைத்திருக்கும் காசில் இதைச் செய்யக் கூடாது.

செட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். தைச்சுங்கில் அந்த விமான நிலைய நிலத்தில் இன்று பெரிய பூங்கா இருக்கிறது. பை தத்தளித்த கடலைத் தேடிப் போனால், மக்கள் நாயை நடக்கவிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பாண்டிச்சேரிக்கு வருகிறவர்களின் அதிர்ஷ்டம், இங்கே செட் பிரிக்கப்படவில்லை. ஏனென்றால் அது செட்டே அல்ல. நாவலாசிரியரிடம் ஒரு பெரியவர் கதையைத் தொடங்கும் இடம் நேரு வீதி இண்டியன் காபி ஹவுஸ். பை படித்ததாக நாவல் சொல்லும் பெத்தி செமினார் பள்ளி, எம்.ஜி. ரோட்டில் பிள்ளைகளின் சத்தத்தோடு இயங்குகிறது. கதையில் பையின் அப்பா மிருகக்காட்சிசாலை நடத்துவது, 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்காவில். "புலி எங்கே?" என்று கேட்டு வருகிற குழந்தைகளுக்கு அங்கே மரங்கள்தான் பதில். படத்தின் மிருகக்காட்சிசாலைக் காட்சிகளுக்கு, கேமரா தைபே மிருகக்காட்சிசாலை வரை போனது.

படம் நான்கு ஆஸ்கர்களை வாங்கியது 2013 பிப்ரவரியில். சிறந்த இயக்குநர் விருது ஆங் லீக்கு. படத்தின் தமிழ்த் தாலாட்டுக்காக பாம்பே ஜெயஸ்ரீ ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தார். அந்தச் சூட்டோடு மத்திய சுற்றுலா அமைச்சகம் 'லேண்ட் ஆஃப் பை' என்று விளம்பரமும் செய்தது. கிரவுட் ஃபண்டிங்கில் காசு கொடுத்தவருக்கு டைட்டிலில் பெயர் வரும். தெருவையும் குளத்தையும் கடைவீதியையும் கொடுத்த ஊருக்கு? நாலு சுற்றுலாப் பயணிகள் கூடுதலாக வருவார்கள். ஊருக்கு மிச்சம் அவ்வளவுதானா என்றால், இன்னொன்றும் உண்டு. இடிந்துபோகும் முன் எடுத்த படம்.

பாண்டியில் கட்டடங்கள் சத்தமில்லாமல் போய்விடுகின்றன. கடற்கரைச் சாலையின் அடையாளமாக இருந்த, பிரெஞ்சுக் காலத்து மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பிற்பாடு பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டினார்கள், 2021-ல் திறந்தார்கள். எத்தனையோ படங்களுக்குப் பின்னணியாக நின்ற பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலுக்குள் போனது. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இனி பழைய படங்களில்தான் தேட வேண்டும்.

குபேர் அங்காடிக்கும் ஒரு கேள்விக்குறி தொங்கிக்கொண்டே இருந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அரசு முடிவெடுத்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். பழைய கட்டடம், ஒழுகும் கூரை, நெரிசல், சுகாதாரம் என்று அரசு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் கடை போட்டவர்கள், 'வெளியே போனால் திரும்ப இதே இடம் கிடைக்குமா?' என்று பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. சினிமாக்காரர்களுக்கு அது லொகேஷன். அவர்களுக்கு அது அடுப்பெரியும் இடம்.

அதனால், 'லைஃப் ஆஃப் பை' பாண்டிச்சேரியைப் பார்க்க நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள். செலவும் அதிகமில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் மூன்று, நான்கு மணி நேரம். காலையில் மார்க்கெட், வெயில் ஏறுவதற்குள் தாவரவியல் பூங்கா. மதியத்துக்குமேல் வில்லியனூர், ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர்தான். மாலையில் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகளை விட மாட்டார்கள், குழந்தைகள் நடுரோட்டில் ஓடலாம்.

மார்க்கெட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மீன் பகுதியில் நின்று செல்ஃபி எடுக்கும்போது வழியை மறித்து நிற்காதீர்கள். தலையில் கூடையோடு பின்னால் வரும் அம்மாவுக்கு ஆங் லீ யாரென்று தெரியாமல் இருக்கலாம். "ஏம்மா, நவுருமா, வியாபாரத்துக்கு நேரமாவுது" என்று ஒரு குரல் வரும். நகர்ந்துகொள்ளுங்கள்.